களம் இழந்த நெல்

தமிழில் நெல்லுக்கும் போருக்கும் பொதுவான சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று களம், மற்றொன்று போர். கதிர் அடித்து நெல்லைப் பிரிக்கும் இடமும் களம், படைகள் மோதும் இடமும் களம். அடித்து முடித்த தாளை அடுக்கி வைத்தாலும் போர், வேந்தர் இருவர் பொருதினாலும் போர். தொல்காப்பியம் புறத்திணையில் ஏரோர் களவழியையும் தேரோர் களவழியையும் அடுத்தடுத்து வைக்கிறது. 'களவழி நாற்பது' என்ற நூலின் பெயரே இந்த ஒப்புமையின் மீது நிற்கிறது. போர்க்களத்தை விளக்க வேண்டுமானால் நெற்களத்தைக் காட்டினால் போதும், கேட்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்பதுதான் அன்றைய புலவர்களின் நம்பிக்கை.

இன்று அந்த நம்பிக்கை தலைகீழாகிவிட்டது. வகுப்பில் களம் என்ற சொல்லைச் சொன்னால் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தேர்தல் களம், அடுத்தது போர்க்களம். நெற்களம் என்று விளக்கப்புகும்போது, பாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில் சிலர் மட்டும் தலையசைக்கிறார்கள். அவர்களிலும் பலருக்கு அது தாத்தா சொன்ன சொல்தான். "இப்ப ரோட்டுலதான் சார் காய வைக்கிறோம்" என்றார் ஒரு மாணவர். உவமை புரியவில்லையே என்று வருந்துவது தமிழாசிரியனின் தொழில். ஆனால் இங்கே தொலைந்தது உவமை மட்டுமன்று. களம் என்ற இடம் தொலைந்ததால் நெல்லும் தொலைந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

முதலில் சில கணக்குகள். அறுவடைக்குப் பின் நேரும் இழப்பை அளக்க இந்தியாவில் நாடு தழுவிய ஆய்வுகள் நடந்துள்ளன. லூதியானாவில் இயங்கும் மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வு, நெல்லில் 5.53 சதவீதம் வீணாவதாகக் கண்டது. தானியம், பருப்பு, காய், கனி, பால், மீன் எல்லாவற்றையும் சேர்த்து, 2014ஆம் ஆண்டு விலையில் 92,651 கோடி ரூபாய் இழப்பு என்று அது மதிப்பிட்டது. நபார்டு வங்கியின் ஆலோசனை நிறுவனம் நடத்திய 2022ஆம் ஆண்டு ஆய்வு நெல்லின் இழப்பை 4.77 சதவீதம் என்று சொல்கிறது. மொத்த இழப்பின் மதிப்பு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். விழுக்காடு சற்றே இறங்கியிருக்கிறது; பணத்தின் அளவு ஏறியிருக்கிறது.

நூற்றுக்கு ஐந்து தானே என்று ஒருவர் கேட்கலாம். இரண்டு பதில்கள் உண்டு. பாகூரைச் சுற்றியுள்ள வயல்கள் மனைகளாகிக்கொண்டிருப்பதை நாம் எல்லோரும் கண்ணால் பார்க்கிறோம். நூறு ஏக்கரில் ஐந்து ஏக்கர் விளைச்சலை இழப்பது, அந்த ஐந்து ஏக்கரையும் மனை போட்டு விற்றதற்குச் சமம். இது முதல் பதில். இரண்டாவது இன்னும் முக்கியமானது. சராசரி என்பது எப்போதும் ஒரு மூடுதுணி. நல்ல வெயிலில் அறுத்தவனுக்கு இழப்பு ஏதுமில்லை என்றே சொல்லலாம். மழையில் மாட்டிக்கொண்டவனுக்கு இழப்பு நூற்றுக்கு ஐந்தாக இராது. சில சமயம் நூற்றுக்கு நூறாகவே இருக்கும். இருவரையும் கூட்டி வகுத்து 'ஐந்து' என்று எழுதிவிட்டால், முளைத்துப்போன குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறான்.

அவனை 2025 அக்டோபரில் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் பார்த்தோம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் குறுவை அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவிந்து கிடந்தது. வடகிழக்குப் பருவமழை வந்தது. தார்ப்பாய் போட்டு மூடிய குவியல்களின் அடியில் நெல் முளைவிட்டது. கொள்முதலுக்கான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதை 22 ஆக உயர்த்த வேண்டும் என்று தமிழக அரசு மத்திய அரசைக் கேட்டது. மத்தியக் குழுக்கள் வந்து மாதிரிகளை எடுத்துச் சென்றன. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சிகளும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டின. ஆண்டை மட்டும் மாற்றிவிட்டால் முந்தைய பல ஆண்டுகளின் செய்திகளும் இவ்வாறே இருக்கும். குழு வரும், மாதிரி போகும், தளர்வு கோரும் கடிதம் எழுதப்படும்.

ஏன் மீண்டும் மீண்டும் இது நடக்கிறது? காரணம் நெல்லின் இயல்பில் இருக்கிறது. நெல் அறுத்த பின்னும் உயிருள்ள பொருள்; அது சுவாசிக்கிறது. ஈரம் மிகுந்திருந்தால் வேகமாகச் சுவாசிக்கும், குவியல் உள்ளுக்குள் சூடேறும், அரிசி பழுப்பேறும், பூஞ்சை பிடிக்கும், முளைக்கும். சில மாதங்கள் பத்திரமாக வைக்க வேண்டுமானால் ஈரம் 14 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். அதற்கும் மேல் நீண்டகாலம் என்றால் இன்னும் ஓரிரண்டு குறைய வேண்டும். இயந்திரம் அறுத்துக் கொட்டும் நெல்லோ பெரும்பாலும் இருபதுக்கு மேல் ஈரத்தோடு வருகிறது.

கையால் அறுத்த காலத்தில் இந்த இடைவெளியை நிரப்ப ஒரு நீண்ட சடங்கே இருந்தது. அறுத்த தாள் அரிகளாக வயலில் கிடந்து வாடும். பிறகு கட்டாகக் கட்டிக் களம் சேரும். அடிப்பார்கள், தூற்றுவார்கள், பரப்பிக் காயவைப்பார்கள், காலால் கிளறிவிடுவார்கள். நாட்கள் ஆகும், ஆனால் அந்த நாட்கள்தாம் நெல்லை உலர்த்தின. இன்று பெல்ட் வண்டி ஒரு ஏக்கரை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. பல நாள் வேலையை ஒரு மணி நேரமாகச் சுருக்கினோம். அந்த நாட்களுக்குள் ஒளிந்திருந்த உலர்த்தல் என்ற வேலைக்கு மட்டும் மாற்று ஏற்பாடு செய்யவில்லை. நெல் வயலிலிருந்து நேராகச் சாலைக்கு வந்ததன் காரணம் இதுதான்.

இதைச் சொல்லும்போது பழைய காலத்தைப் போற்றிப் பாடும் ஆசை எழுவது இயல்பு. எனக்கு அந்த ஆசை இல்லை. யாருக்கும் இருக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். களம் என்பது வெறும் உலர்த்துமிடமாக இருந்ததில்லை. கூலி அளக்கப்பட்ட இடமும் அதுவே. மரக்காலின் தலையில் நெல் குவியலாக நிற்குமா, கட்டையால் வழிக்கப்படுமா என்பதில் ஒரு குடும்பத்தின் உணவு அடங்கியிருந்தது. அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் பின்னணியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்தக் களத்தை விட்டு உழைப்பவர்கள் விலகியதில் நியாயம் இருக்கிறது. இயந்திரம் வந்ததிலும் நியாயம் இருக்கிறது. திரும்ப வேண்டியது அந்தக் களத்தின் அதிகாரமன்று. அதன் வேலை மட்டும்.

பழைய சேமிப்பு முறைகளைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். தமிழன் தானியத்தைச் சேமிக்க எத்தனை சொற்களை வைத்திருந்தான்! குதிர், குலுக்கை, பத்தாயம், தொம்பை, சேர், கோட்டை, கூடு, களஞ்சியம். பெரும்பாணாற்றுப்படை, ஏணியும் எட்டாத உயரமுள்ள நெற்கூடுகள் நின்ற வீடுகளைக் காட்டுகிறது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. திருவரங்கம் கோயிலுக்குள் கொட்டாரத்து வட்டக் களஞ்சியங்களைப் பார்க்கலாம். துவரைக்குச் செம்மண் கட்டி வெயிலில் காயவைத்த பாட்டிகளும், பருப்பில் எண்ணெய் புரட்டி வைத்த பாட்டிகளும், வேப்பிலையும் வசம்பும் போட்டவர்களும் பூச்சியின் இயல்பை அறிந்திருந்தார்கள். ஆனாலும் எலி தின்றது, அந்து விழுந்தது, ஏழை வீட்டுக் குதிர் பெரும்பாலும் காலியாக இருந்தது. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழியில் கடன்காரனுக்குப் பயந்து ஒருவன் ஒளிந்துகொள்ளக் குதிருக்குள் இடம் இருந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே தீர்வு அருங்காட்சியகத்தில் இல்லை. வியப்பு என்னவென்றால், தீர்வைத் தேடும் வேலை இதே மண்ணில், இதே சிக்கலுக்காக, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. குறுவை நெல் மழையில் நனைந்து கெடுவதற்கு வழி காண 1967இல் திருவாரூரில், கூட்டுறவு நவீன அரிசி ஆலை வளாகத்தில், ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்பிரமணியன் ஓய்வுக்குப் பின் இந்தப் பணிக்குத் தலைமை ஏற்றார். அந்த ஆய்வுக்கூடமே நெல் பதன ஆராய்ச்சி மையமாகி, தஞ்சைக்கு இடம்பெயர்ந்து, பலமுறை பெயர் மாறி, இன்று தேசிய முக்கியத்துவம் வாய்ந்த உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாகப் பட்டங்கள் வழங்குகிறது. காரைக்காலில் 1987 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. தானியக் குவியலில் செருகினால் பூச்சிகள் தாமே வந்து விழும் துளைக்குழாய்ப் பொறி அங்கே உருவானதுதான். அறிவு இல்லாமல் நெல் முளைக்கவில்லை. அறிவு நிறுவனமாக வளர்ந்தது. கொள்முதல் நிலையத்தின் வாசலுக்கு வந்து சேரவில்லை.

இப்போது அந்த 17 சதவீதத்துக்கு வருவோம். வரம்பு வைத்தவர்களை வில்லன்களாக்குவது எளிது. ஆனால் 22 சதவீத ஈரத்தோடு வாங்கிய நெல்லை உலர்த்தாமல் அடுக்கினால் அது கிடங்கில் கெடும். உழவனின் நட்டம் அரசின் நட்டமாக இடம் மாறும். கடைசியில் நியாயவிலைக் கடை அரிசியில் பழுப்பும் வாடையுமாக அது வெளிப்படும். வரம்பைத் தளர்த்துவது முதலுதவியாகலாம், மருத்துவமாகாது.

அதே சமயம், ஒரு கோட்டைக் கிழித்து 'இந்தப் பக்கம் வாங்குவோம், அந்தப் பக்கம் வாங்கமாட்டோம்' என்பதிலும் நியாயம் இல்லை. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 80 கிலோ. அதே நெல் 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் எடை ஏறத்தாழ 96.4 கிலோ ஆகும். அதாவது, அந்த உழவன் கூடுதலாகக் கொண்டுவந்தது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தண்ணீர். ஈரம் 22 என்றால் ஆறு கிலோ. 2025-26 பருவத்தில் தமிழகக் கொள்முதல் விலை சன்னரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். பொதுரகத்துக்கு 2,500 ரூபாய். பொதுரகத்தில் ஆறு கிலோவின் விலை 150 ரூபாய். அதோடு உலர்த்தும் செலவையும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் உழவன் கண்ணியமாக வீடு போவான். இன்று நடப்பது என்ன? ஆறு கிலோ தண்ணீருக்காகக் குவிண்டால் முழுவதும் வாசலில் காத்திருக்கிறது. காத்திருக்கும்போது மழை வருகிறது. மழைக்குப் பயந்தவன் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறான். 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்று நம்மவர்கள் சொன்னது, அறுவடைப் பின் இழப்பு என்ற கலைச்சொல் பிறப்பதற்கு முன்பே.

உலர்த்துவதற்கு எரிபொருள் வேண்டாமா, அது கட்டுப்படியாகுமா என்பது அடுத்த கேள்வி. ஒரு டன் நெல்லை 22 சதவீதத்திலிருந்து 14க்கு இறக்க வேண்டுமானால் ஏறத்தாழ 93 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். அதே ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி கிடைக்கிறது. அந்த உமியில் ஒரு பகுதியை எரித்தாலே இந்த நீரை ஓட்டிவிடலாம். ஆலைகள் பலவற்றில் உமி அடுப்பு ஏற்கெனவே எரிகிறது. நெல் தன்னை உலர்த்திக்கொள்ளும் விறகைத் தன் முதுகிலேயே சுமந்து வருகிறது. அந்த விறகு ஆலையில் கிடக்கிறது, ஈர நெல் நிலையத்தில் கிடக்கிறது. இரண்டையும் ஓரிடத்தில் சேர்ப்பது நிர்வாகத்தின் வேலை. அதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை.

என் கருத்தில் செய்ய வேண்டியவை நான்கு. ஒன்று, ஊர்தோறும் கூரையுள்ள பொது உலர்களம். சிமெண்டுத் தரை பல ஊர்களில் இருக்கிறது. ஐப்பசியில் அறுக்கும் நெல்லுக்கு வேண்டியது தலைக்கு மேல் மறைப்பு. இரண்டு, பெரிய கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் இயந்திரங்கள். சிறியவற்றுக்கு ஊர்விட்டு ஊர் போகும் நடமாடும் உலர்த்திகள். இவற்றை மானியத்தில் தனியாருக்கு வாங்கிக் கொடுத்துக் கொட்டகையில் துருப்பிடிக்க விடுவதைவிட, அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுப்பதுபோல் சிப்பத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓட்டலாம். மூன்று, ஈரத்துக்கேற்ற விலை. மறுப்பு இல்லை, கழிவு மட்டும். நான்கு, நிலையத்துக்கு நெல் வந்த நாளுக்கும் எடை போட்ட நாளுக்கும், எடை போட்ட நாளுக்கும் லாரி ஏறிய நாளுக்கும் இடையிலான நாட்களைப் பொதுவில் எழுதி வைப்பது. இழப்பு நடப்பது அந்த நாட்களில்தான். எழுதப்படாத நாட்களுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

'செலவு?' என்பார்கள். இருக்கும். ஆனால் அந்த நெல்லுக்காக ஏற்கெனவே செய்துவிட்ட செலவை நினைத்துப் பாருங்கள். விதை, உரம், மின்சாரம், வட்டி எல்லாம் போகட்டும். தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்வோம். காவிரி நீருக்காகத் தலைமுறைகள் கடந்து வழக்காடினோம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைச் சொன்னபோது, தமிழகத்துக்குப் பில்லிகுண்டுலுவில் வர வேண்டிய நீர் 177.25 டிஎம்சி என்று குறைந்ததையும், புதுச்சேரிக்கு 7 டிஎம்சி என்று நிலைத்ததையும் பற்றி எத்தனை விவாதங்கள், எத்தனை தலையங்கங்கள்! புதுச்சேரிக்கான அந்த ஏழும் காரைக்கால் வயல்களுக்கானவை. துளித்துளியாக எண்ணி வாங்கிய நீரில் நெல்லை விளைவித்து, விளைந்த நெல்லை மழைநீரில் முளைக்க விடுகிறோம். நீரைப் பற்றிய கோபத்தில் பத்தில் ஒரு பங்கு நெல்லைப் பற்றி வந்திருந்தால் உலர்த்திகள் எப்போதோ வந்திருக்கும்.

இது நெல்லோடு நிற்பதுமில்லை. மேற்சொன்ன 2022 ஆய்வின்படி தக்காளியில் 11.61 சதவீதமும் கொய்யாவில் 15.05 சதவீதமும் வீணாகின்றன. மூட்டையில் திணிப்பதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கினாலே காய் நசுங்குவது குறையும். மேற்கு ஆப்பிரிக்காவில் தட்டைப்பயற்றை வண்டு துளைப்பதைத் தடுக்க, காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகளைப் பரப்பினார்கள். உள்ளே பிராணவாயு தீர்ந்ததும் வண்டு செயலற்றுப் போகிறது. மருந்து எதுவும் வேண்டாம். நம் பாட்டியின் செம்மண் பூச்சும் வண்டை விலக்கி வைக்கும் உத்திதான். பெரிய குளிர்பதனக் கிடங்குகள் வரட்டும். ஆனால் அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத எளிய வழிகள் நிறைய உள்ளன என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்த ஈரப்பதக் கணக்கு எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். முதலியார்பேட்டையிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே போய், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் கடந்து மேற்கே திரும்பினால் பாகூர். அங்கே ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. பல்லவன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில் மூன்று ஊர்கள் அதற்கு விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. ஊர்களை விடுவது என்றால் அவற்றின் விளைச்சலிலிருந்து வருவதை விடுவது என்று பொருள். அங்கே கற்பித்தவரும் கற்றவரும் அந்த நெல்லை உண்டுதான் நூல்களைப் பயின்றார்கள். நம் சம்பளம் இப்போது வங்கிக் கணக்கில் வருகிறது. அதனால் களத்துக்கும் கல்விக்கும் இருந்த தொடர்பு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்றே தவிர, அறுந்துபோகவில்லை.

சங்கப் பாடலில் களம் வரும்போது அடிக்குறிப்பில் 'நெற்களம்' என்று பொருள் எழுதிக் கடந்துவிடுகிறோம். அடுத்த ஐப்பசியிலும் குவியல்கள் வாசலில் கிடக்கும், படங்கள் வரும், குழு வரும். அப்போது நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை சதவீதம் தளர்த்தினீர்கள் என்பதாக இருக்க வேண்டாம். எத்தனை ஊர்களில் கூரை போட்டீர்கள், எத்தனை உலர்த்திகள் ஓடுகின்றன என்று கேட்போம். பதில் எண்ணிக்கையாக வரட்டும்.